வீட்டிலேயே சவர்க்காரம் செய்யும் முறை

பால்மரம் வெட்டுவோரின் இல்லங்களில் அரிசி, பருப்புக்கு அடுத்தபடியாக மாதந்தோறும் தவறாமல் வாங்கப்படும் பொருள் சவர்க்காரம். பாலின் கறையும் ஒட்டுப்பாலின் வாடையும் கையை விட்டு அகல வேண்டுமாயின் வெறும் நீர் போதாது. துணி துவைக்க ஒன்று, குளிக்க ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று என மூன்று வகையாவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். இத்தனை காலமாகக் கடையில் வாங்கி வரும் இப்பொருளை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்போருக்கு, முடியும் என்பதே விடை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இதனை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் உள்ளனர். நண்பகலுக்குள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளர்க்கும் இது ஏற்ற கைவேலையே.

ஆயினும் இது கோலம் போடுவதைப் போன்றோ, பூ கட்டுவதைப் போன்றோ எளிதாக எண்ணிவிடத்தக்க வேலை அன்று. இதில் பயன்படும் ஒரு பொருள் கண்ணைக் குருடாக்கவும், குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கவும் வல்லது. யாரோ சொன்னதைக் கேட்டு, அளவும் அறியாமல் முறையும் அறியாமல் இறங்குவதைவிடக் காரணத்தோடு தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. ஆதலால் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

முதலில், சவர்க்காரம் என்பது என்ன? அச்சொல்லிலேயே காரம் இருக்கிறது. எண்ணெயும் காரமும் கூடினால் பிறப்பதே சவர்க்காரம். நம் முன்னோர் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கொண்டு துணியை வெளுத்தனர். அடுப்புச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கினர். உவர்மண்ணிலும் சாம்பலிலும் இருப்பது காரமே. துணியிலும் பாத்திரத்திலும் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடு அக்காரம் கூடும்போது அவ்விடத்திலேயே சிறிதளவு சவர்க்காரம் உண்டாகி அழுக்கு நீங்குகிறது. ஏன் நீங்குகிறது என்பதை அவர்கள் ஆராயவில்லை. நீங்குகிறது என்பதை அறிந்திருந்தார்கள்.

அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு விடை கண்டவர் மிஷெல் ஷெவ்ரோல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர். கொழுப்புகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் 1823ஆம் ஆண்டில் வெளிவந்தது. (இப்பெரியார் 102 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது ஒரு தனிச் செய்தி.) எண்ணெயின் ஒவ்வொரு துகளிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசரின் என்னும் பொருளோடு பிணைந்திருக்கின்றன. காரம் அப்பிணைப்பை அறுக்கிறது. விடுபட்ட அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகின்றன. கிளிசரின் தனியே நிற்கிறது. சவர்க்காரத்தின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். அழுக்கிலுள்ள எண்ணெயை ஒரு முனை பற்றிக்கொள்ள, மறுமுனையை நீர் இழுத்துச் செல்கிறது. கை கழுவுவதன் இரகசியம் இவ்வளவுதான்.

பெரிய ஆலைகளில் எண்ணெயையும் காரத்தையும் பெருங்கொப்பரைகளில் கொதிக்க வைத்துப் பின்னர் உப்பு நீர் சேர்ப்பது பழைய வழக்கம். உப்பு நீர் சேர்ந்ததும் சவர்க்காரம் மேலே திரளும். கிளிசரின் கீழே நீரோடு பிரியும். கிளிசரினுக்குத் தனி விலை உண்டு என்பதால் ஆலையினர் அதைப் பிரித்து விற்றுவிடுவர். கோலாலம்பூரின் பங்சாரில் 1952ஆம் ஆண்டில் லீவர் சகோதரர் நிறுவனம் சவர்க்கார ஆலையைத் திறந்தது. அந்தப் பங்சார் முன்னாளில் ஓர் இரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு அது கூப்பிடு தூரம்.

சிறிய அளவில் செய்வதும் புதிதன்று. சென்னை அரசாங்கமே 1914ஆம் ஆண்டில் மலபாரில் சவர்க்காரத் தொழிலைத் தொடங்கியது. அங்கு மீன்வளத் துறைக்கு அடிகோலிய சர் பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் பிறந்த அது, பின்னர் கோழிக்கோட்டில் கேரளச் சோப்பு நிலையமாக வளர்ந்தது.

நாம் இங்கு விளக்கப் போவது குளிர்முறை. அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்காமல், எண்ணெயும் காரமும் கூடும்போது தாமே எழுப்பும் வெப்பத்தைக் கொண்டு முடிப்பதால் இதற்கு அப்பெயர். இம்முறையில் கிளிசரின் பிரிக்கப்படுவதில்லை, கட்டியிலேயே தங்கிவிடுகிறது. கிளிசரின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மையது. வீட்டுச் சவர்க்காரம் தோலுக்கு இதமாக இருக்கிறது எனப் பலர் கூறுவதற்கு இது ஒரு காரணம்.

எண்ணெயைப் பற்றிய கவலை நமக்கு இல்லை. உலகில் சவர்க்காரத்துக்குப் பெயர்பெற்ற இரு எண்ணெய்கள் தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயுமே. இரண்டும் நம் வாசலில் கிடைக்கின்றன. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வாணிப நோக்கில் செம்பனையை நட்டார். இந்நாட்டில் அவ்வாறு நடப்பட்டது அதுவே முதன்முறை. பின்னர் எத்தனையோ இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியதை நம் வாசகர்கள் கண்ணாரக் கண்டவர்கள்; அதனால் குடிபெயர்ந்தவர்களும் அவர்களிடையே உண்டு.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, லாரிக் அமிலம் என்னும் வகையைச் சேர்ந்தது. அதுவே பொங்கிவரும் நுரையைத் தருகிறது. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உப்பு நீரிலும் நுரைக்கும் என்பதால் கடலோடிகள் அதனை விரும்பினர். ஆனால் தேங்காய் எண்ணெயை மட்டும் கொண்டு செய்தால் அழுக்கோடு தோலின் இயற்கைப் பசையையும் அது கொண்டுபோய்விடும். கை வறண்டு வெடிக்கும். செம்பனை எண்ணெய் கட்டிக்கு உறுதியையும் நீண்ட உழைப்பையும் தருகிறது, நுரை குறைவு. இரண்டையும் கலந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். சிறிது விளக்கெண்ணெய் சேர்த்தால் நுரை சட்டென அடங்காமல் நிற்கும். பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் விளக்கெண்ணெய் எளிதில் கிடைக்கும்.

இனி, காரம். குளிர்முறையில் பயன்படுவது சோடியம் ஹைட்ராக்சைடு. கடைவழக்கில் அது காஸ்டிக் சோடா. வெள்ளைச் செதிலாகவோ சிறு மணியாகவோ இருக்கும். பார்வைக்குச் சீனிக்கும் உப்புக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. அபாயம் அங்குதான் தொடங்குகிறது. ஈரமான தோலில் பட்டால் வழவழப்பாகத் தோன்றிப் பின்னர் எரியும். அந்த வழவழப்பு நம் தோலின் கொழுப்பே சவர்க்காரமாக மாறுவதன் அடையாளம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

தோட்டத்தில் களைக்கொல்லியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததால், தாகத்தில் எடுத்துக் குடித்தவர்களின் துயரக் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் நஞ்சைத் தின்பண்டப் பாத்திரத்தில் வைக்கும் பழக்கத்தைச் சட்டம் தடுத்துவிட முடியாது. காஸ்டிக் சோடாவை வாங்கிவந்த கலத்திலேயே, மூடியை இறுக மூடி, பெயரெழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். மூடி தளர்ந்திருந்தால் வேறொரு கேடும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது உறிஞ்சி வலுக்குன்றிவிடும், அளவு பொய்த்துவிடும்.

ஃபார்மிக் அமிலத்தைக் கலந்து பாலை உறைய வைத்தவர்களுக்குக் கூர்மையான பொருள்களைக் கையாளும் நெறி புதிதன்று. அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்பது அங்கே விதி. காஸ்டிக் சோடாவுக்கும் அதே விதி. சோடாவைச் சிறிது சிறிதாக நீரில் தூவ வேண்டும். சோடாவின்மீது நீரை ஊற்றினால் அது சட்டெனக் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

காப்புக் கண்ணாடி, நீண்ட கைச்சட்டை, மூடிய காலணி, இரப்பர்க் கையுறை ஆகியவை இன்றித் தொடங்கவே கூடாது. கையுறைக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. கிள்ளானை அடுத்த மேரு வட்டாரத்து ஆலைகளில் செய்யப்படும் கையுறைகள் உலகெங்கும் போகின்றன. பாத்திரம் எவர்சில்வராகவோ வெப்பம் தாங்கும் கெட்டியான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். அலுமினியம் ஆகவே ஆகாது. நம் வீடுகளில் அலுமினியச் சட்டிகளே மிகுதி என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். கண்ணாடிக் கலமும் திடீர் வெப்பத்தில் வெடிக்கக்கூடும். இவ்வேலைக்கென்று ஒதுக்கிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது.

கரைசல் தோலில் தெறித்துவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். காரத்துக்கு மாற்று அமிலந்தானே என்று காடியைத் தேடி ஓடுவோர் உண்டு. அது தவறு. தேடும் நேரத்தில் தோல் வெந்துவிடும். இரண்டும் கூடும்போது மேலும் வெப்பம் பிறக்கும். நீரே மருந்து. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 20 நிமிடமாவது நீர் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. இறங்கும்போது சுட்ட பொருள் ஏறும்போதும் சுடும். வாயைக் கழுவச் செய்து, 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இப்போது அளவுக்கு வருவோம். சவர்க்காரக் கலையில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் நிறுவையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவைப்படும் காரம் வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 18.3 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். செம்பனை எண்ணெய்க்கு 14.1 கிராம்; விளக்கெண்ணெய்க்கு 12.8 கிராம். வீட்டில் செய்வோர் இந்தக் கணக்கில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தே போடுவர். அதனால் சிறிதளவு எண்ணெய் மாறாமல் மிஞ்சித் தோலுக்குப் பாதுகாப்பாகும், காரம் மிஞ்சாது.

முதன்முறை செய்வோருக்கு ஏற்ற அளவு இது: சமையலுக்குப் பயன்படும் செம்பனை எண்ணெய் 650 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், ஆக 1 கிலோ. இதற்கு முழுக்கணக்கில் 153 கிராம் காரம் தேவை. 5 பங்கு குறைத்தால் 145 கிராம். நீர் 300 கிராம். எண்ணெயில் எந்த மாற்றம் செய்தாலும் காரத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று செம்பனை எண்ணெயையே 1 கிலோ ஊற்றி, காரத்தை மட்டும் 145 கிராம் என்றே போட்டால், தேவையான 141 கிராமைத் தாண்டிவிடும். மிஞ்சிய காரம் தோலை அரிக்கும்.

இன்னொரு தவறு மிகச் சாதாரணமாக நிகழ்வது. 1 லிட்டர் எண்ணெயை 1 கிலோ என்று எண்ணிவிடுவது. எண்ணெய் நீரைவிட எடை குறைந்தது. 1 லிட்டர் ஏறக்குறைய 915 கிராம்தான் இருக்கும். மேற்சொன்ன கலவையை லிட்டரில் அளந்தால் அதற்குத் தேவையான காரம் 140 கிராம் மட்டுமே. நாமோ 145 கிராம் போட்டிருப்போம். பால் நிறுக்கும்போது கிராம் கணக்கில் கண்ணாயிருக்கும் நாம் இதிலும் அப்படியே இருக்க வேண்டும். 1 கிராம் வரை காட்டும் மின் தராசு ஒன்று வாங்குவதே இப்பொழுதுபோக்கின் முதற்செலவு. கைக்கணக்கும் குவளைக்கணக்கும் இங்கு உதவா.

செய்முறை இனி எளிது. குழந்தைகளும் ஆடு கோழிகளும் அணுகாத, காற்றோட்டமுள்ள வெளித் தாழ்வாரத்தில் வேலையைத் தொடங்கலாம். நீரை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் நிறுத்து எடுத்துக்கொண்டு, காஸ்டிக் சோடாவைச் சிறுகச் சிறுகத் தூவிக் கிளற வேண்டும். அடுப்பே இல்லாமல் நீர் கொதிநிலையை நெருங்கிச் சுடும், ஆவி எழும், அதை முகர்ந்துவிடக் கூடாது. கரைந்து தெளிந்ததும் கை சுடாத வெதுவெதுப்பு வரும்வரை, அதாவது 40 டிகிரி அளவுக்கு, ஆறவிட வேண்டும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். குளிர் நாட்டினர் தேங்காய் எண்ணெயை உருக்குவதற்கு அடுப்பை நாட வேண்டியிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அது எப்போதும் உருகியே இருப்பதால் அவ்வேலை நமக்கு மிச்சம்.

எண்ணெய்களை ஒன்றாகக் கலந்து, ஆறிய காரக்கரைசலை மெல்ல அதில் ஊற்றிக் கிளற வேண்டும். மரக்கரண்டியால் கையால் கிளறினால் முக்கால் மணி நேரமும் ஆகலாம். கையில் பிடித்துக் கலக்கும் மின்கருவி இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதலில் எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்கும். பின்னர் கஞ்சி போல் மங்கும். இறுதியில் தோசைமாவின் பதம் வரும். கரண்டியைத் தூக்கி மேலே சொட்டவிட்டால், சொட்டிய தடம் உடனே மறையாமல் சிறிது நேரம் நிற்க வேண்டும். அதுவே பதம். பதம் வருமுன் அச்சில் ஊற்றினால் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அடியில் காரம் தங்கும். அப்படிப்பட்ட கட்டியைப் பயன்படுத்தவே கூடாது.

அச்சுக்குக் காலியான பால் அட்டைப்பெட்டியே போதும். சிறு மரப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்தும் ஊற்றலாம். தகரடப்பா துருப்பிடிக்கும். ஊற்றிய சில மணி நேரத்தில் பெட்டி தானே சூடேறும். அஞ்ச வேண்டியதில்லை, உள்ளே மாற்றம் நடைபெறுகிறது என்று பொருள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கட்டி இறுகியதும் கையுறையோடு எடுத்து, கத்தியால் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டலாம். கலக்கிய பாத்திரத்தை உடனே கழுவ முற்படுவதைவிட, எட்டாத இடத்தில் ஒரு நாள் விட்டுவைத்தால் ஒட்டியிருப்பதும் சவர்க்காரமாகிவிடும், கழுவுவது எளிது.

வெட்டியதைக் கண்டதும் குளிக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். காற்றோட்டமான நிழலில், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, 4 முதல் 6 வாரம் வரை உலரவிட வேண்டும். காரம் எண்ணெயோடு கூடுவது முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் நீர் வற்றினால்தான் கட்டி உறுதிப்பட்டு நெடுநாள் உழைக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மழைக்காலத்தில் கட்டியின்மேல் வியர்வைத் துளிகள் போல் நீர் தோன்றும். உள்ளிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது அது, கேடில்லை. அந்நாட்களில் இரண்டு வாரம் கூடுதலாக விட்டுவைப்பது நல்லது. மேலே வெண்மையாகப் பூத்தாற்போல் தோன்றுவது சலவைச் சோடா, துடைத்தால் போய்விடும். கட்டிக்குள்ளே வெள்ளைத் துகள்களோ நீர்ப்பைகளோ இருந்தால் அது வேறு. கரையாத காரமாக இருக்கலாம். அதனைத் தள்ளிவிடுக. நுனிநாக்கில் வைத்துப் பார்த்துக் காரத்தைச் சோதிப்போரும் உளர். அவ்வழக்கத்தை நாம் பரிந்துரைப்பதில்லை.

நறுமணத்துக்கு 1 கிலோ எண்ணெய்க்கு 20 கிராம் அளவில் எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்க்கலாம். செராய் என்று நாம் வழங்கும் அப்புல் வீட்டுப் பின்புறத்திலேயே வளர்கிறது; ஆனால் புல்லை அரைத்துப் போட்டால் மணம் நிற்காது, வடித்த எண்ணெய்தான் வேண்டும். மஞ்சள்தூள் அழகிய நிறம் தரும். மல்லிகையைப் பிய்த்துத் தூவினால் கட்டியெங்கும் ஓரிரு நாளில் கறுத்துப் போகும். வேப்பிலைத்தூளும் சேர்க்கலாம், ஆயின் அதனைச் சேர்த்ததால் சொறி, படை தீரும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாகாது. சவர்க்காரம் அழுக்கை நீக்கும். நோய்க்கு மருத்துவரைத்தான் காண வேண்டும். முகத்தை வெளுப்பாக்கும் பொடிகளை எவரேனும் சேர்க்கச் சொன்னால் அதற்கும் செவிசாய்க்க வேண்டாம். பாதரசம் கலந்த வெளுப்புப் பூச்சுகளுக்கு எதிராக அரசாங்கம் அவ்வப்போது எச்சரிக்கை விடுத்து வருகிறது.

பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்பது தீபாவளிக்குப் பிறகு எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. சாக்கடையில் ஊற்றினால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். அவ்வெண்ணெயைத் துணியில் நன்றாக வடித்துத் துணி துவைக்கும் சவர்க்காரமாக்கலாம். செம்பனை எண்ணெய் மட்டுமே என்றால் 1 கிலோவுக்கு 138 கிராம் காரமும் 280 கிராம் நீரும் போதும். இது சற்று விரைவாகவே இறுகும். நிறம் பழுப்பாகவும் மணம் பலகார வாடையாகவும் இருக்கக் கூடும். குளிக்க ஏற்றதன்று, காலுறைக்கும் வேலைச் சட்டைக்கும் தாராளமாகப் போதும். முதன்முறை செய்து பழகுவோர் இதிலேயே தொடங்குவதும் அறிவுடைமை. தவறினாலும் நட்டம் குறைவு.

கைதேர்ந்தபின் விற்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். வீட்டுக்கும் உறவினர்க்கும் செய்வதற்கு எவ்வித இசைவும் வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்குத் தேய்க்கும் சவர்க்காரம் சட்டப்படி ஒப்பனைப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைகளின் கீழ் அதனை விற்குமுன் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமை இதனைக் கவனித்து வருகிறது. அங்கு கேட்கப்படும் முதற்கேள்விகள், எந்தப் பொருளை எத்தனை கிராம் போட்டீர்கள் என்பனவாகவே இருக்கும். ஆகையால் விற்கும் நோக்கம் இருப்பினும் இல்லாவிடினும், ஒவ்வொரு முறையும் நாள், எண்ணெயின் எடை, காரத்தின் எடை, நீரின் எடை ஆகியவற்றைப் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் குறித்து வைத்து, அதே நாளைக் கட்டிகள் உலரும் தட்டிலும் எழுதி ஒட்டிவிடுக.